யாரை முதல்ல பார்க்கிறது?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனைகளில் 29 ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்து 2023-ல் ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



என்னைப் பேசக் கூப்பிட்டப்போ, சத்துணவு, சுத்தம், சுகாதாரம் பத்திச் சொல்லுங்கன்னு தலைவி அம்மா கேட்டாங்க. அதெல்லாம் நீங்க எத்தனையோ பயிற்சியில் கேட்டாச்சு. கேழ்வரகுக் கூழோட பெருமையை நான் வந்து சொல்லித்தான் நீங்க தெரிஞ்சுக்கணும்னு இல்லை. ஆனா கூட்டம் ஆரம்பிக்கும் முன்னால, டீ குடிக்கிற நேரத்தில் நாலைஞ்சு பேர் என்கிட்ட ஒரே புகாரைச் சொன்னாங்க. "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நாங்க முதல்ல போய் உட்கார்ந்திருக்கோம். எங்களுக்குப் பின்னால வந்தவங்களை முன்னால கூட்டிட்டுப் போறாங்க. சிபாரிசு இருந்தாத்தான் பார்ப்பீங்களா சிஸ்டர்?" இதுக்குப் பதில் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளமான பதில்.

முதல்ல உங்க குழுவையே எடுத்துக்குவோம். இந்த மாசம் உள்கடன் கொடுக்க 20 ஆயிரம் ரூபாய் இருக்குன்னு வெச்சுக்குங்க. நாலு பேர் கேட்கிறாங்க. ஒருத்தருக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். ஒருத்தருக்கு ஆடு வாங்கணும். ஒருத்தருக்கு மகனோட கல்லூரிக் கட்டணம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னொருத்தர் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். முதல்ல கை தூக்கினவங்களுக்கா கொடுப்பீங்க? இல்லை. சத்தமா கேட்டவங்களுக்கா? அதுவும் இல்லை (சில குழுவுல அப்படியும் நடக்குதுன்னு யாரோ பின்னால சிரிக்கிறாங்க, அது உங்க பாடு). ஆபரேஷனுக்குத்தான்னு சட்டுனு சொல்வீங்க. ஆனா ஆபரேஷன் காப்பீட்டு அட்டையில் நடக்குது, தேதி அடுத்த மாசம்தான்னு தெரிஞ்சா கணக்கு மாறிடும். அப்ப வெள்ளிக்கிழமை கட்டணம்தான் முதல். எது பெரிசுங்கிறதை மட்டும் நீங்க பார்க்கலை. எது காத்திருந்தால் கெட்டுப் போகும்னும் பார்த்தீங்க. ஒரு நர்ஸ் டூட்டிக்கு வந்து வார்டில் கால் வெச்சதிலிருந்து போகிற வரைக்கும் செய்றதும் இதே வேலைதான். வித்தியாசம் என்னன்னா, அங்கே தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்க நேரம் இருக்காது.

இப்ப அரசு பெரிய ஆஸ்பத்திரிகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனீங்கன்னா சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பகுதி பிரிச்சிருப்பாங்க. வந்தவுடனே நாடி, மூச்சு, பி.பி., ஆக்சிஜன் அளவு, நினைவு எப்படி இருக்குன்னு பார்த்து, இவர் இந்தப் பகுதின்னு அனுப்புவாங்க. சிவப்புன்னா இந்த நிமிஷமே. மஞ்சள்னா கொஞ்ச நேரத்துக்குள்ள, அதுவரைக்கும் ஒரு கண் அவர் மேலே இருக்கணும். பச்சைன்னா காத்திருக்கலாம். இந்த வழக்கம் போர்க்களத்தில் வளர்ந்தது. நெப்போலியன் படையில் லாரே என்று ஒரு மருத்துவர் இருந்தார். அதிகாரியா சிப்பாயா என்று பார்க்காமல், காயம் எவ்வளவு கடுமை என்பதை மட்டும் பார்த்துச் சிகிச்சைக்கு வரிசை வைத்தவர் அவர். அதாவது, சிபாரிசை ஒதுக்கி வைக்கத்தான் இந்த வரிசையே வந்தது. அப்ப இன்னைக்கு சிபாரிசே கிடையாதான்னு கேட்டீங்கன்னா, நான் சிரிச்சுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவேன்.

ஒரு ராத்திரி டூட்டியைச் சொல்றேன். ஆண் வார்டு, பெண் வார்டு ரெண்டுக்கும் ஒரே நர்ஸ் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி. பத்து மணி. ஒரே நேரத்தில் நாலு வேலை வந்து நிற்குது. பைக்கிலிருந்து விழுந்து காலுக்கு மாவுக்கட்டு போட்ட பையன் வலி தாங்காமல் கத்துறான், அவங்க அம்மா அதுக்கு மேல கத்துறாங்க. இன்னொரு கட்டிலில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போச்சு, "காத்து ஏறிடும், காத்து ஏறிடும்"னு தங்கச்சி ஓடி வருது. ஆறு பேருக்குப் பத்து மணி ஊசி போடணும். மூலைக் கட்டிலில் ஒரு பாட்டி. சிறுநீர்த் தாரையில் கிருமி, காய்ச்சல்னு சாயங்காலம் சேர்ந்தவங்க. அவங்க மகள், "இப்பத்தான் காய்ச்சல் விட்டுத் தூங்குது, எழுப்பாதீங்க சிஸ்டர்"னு அமைதியாச் சொல்றாங்க.

நீங்களா இருந்தா யார்கிட்ட முதல்ல போவீங்க?

நான் பாட்டிகிட்ட போனேன். சாயங்காலம் சேர்க்கும்போது அந்தப் பாட்டி தன் ஊர்ப் பெயரைச் சொல்லி, மோர் கிடைக்குமான்னு என்கிட்ட சண்டை போட்டவங்க. அப்படிப்பட்டவங்க திடீர்னு இவ்வளவு அமைதியாத் தூங்குறாங்கன்னா எனக்கு அது நல்ல சேதியாப் படலை. போற வழியில் பையனோட கால் விரலைத் தொட்டுப் பார்த்தேன். சூடா இருந்தது, நல்ல நிறம், அசைக்கச் சொன்னா அசைச்சான். "இருபது நிமிஷத்துல வலிக்கு ஊசி போடுறேன்"னு சொன்னேன். பத்து செகண்டுதான் ஆச்சு. டிரிப்ஸ் தங்கச்சிகிட்ட, டியூப்ல இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டி மூடும்மான்னு சொன்னேன். பாட்டில் தீர்ந்தவுடனே காத்து உள்ளே பாய்ஞ்சிடாது. டியூப்ல கொஞ்சம் ரத்தம் திரும்பி வரும், ஊசி அடைச்சுக்கும், அவ்வளவுதான். பத்து மணி ஊசி பத்தரைக்குப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது.

பாட்டி நெற்றியைத் தொட்டா சில்லுனு வேர்வை. மகள் சொன்னது சரி, காய்ச்சல் இல்லை. மூச்சை எண்ணினேன், நிமிஷத்துக்கு 34. பெயர் சொல்லிக் கூப்பிட்டா பாதிக் கண் திறந்து என்னமோ முனகுறாங்க, ஊர்ப் பெயர் வரலை. பி.பி. 80-க்கு இறங்கியிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத் தாக்க ஆரம்பிச்சாச்சு. ஆக்சிஜன் வெச்சு, நரம்பில் சலைன் ஓட விட்டு, டாக்டரை எழுப்பினேன். விடியறதுக்குள்ள 108-ல் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பத்து நாள் கழிச்சு அந்த மகள் வந்து, அம்மா மறுபடியும் மோர் கேட்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்த ராத்திரி பையனோட அம்மா என்னைத் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது. அவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. பெத்த வயிறு அப்படித்தான் பேசும். ஆனா ஒண்ணு, அவன் விரல் சில்லுனு இருந்திருந்தாலோ, நீலம் பாரிச்சிருந்தாலோ, மரத்துப் போச்சுன்னு சொல்லியிருந்தாலோ நிலைமையே வேற. மாவுக்கட்டு போட்ட பிறகு வலி ஏறிக்கிட்டே போய் விரல் மரத்துப் போனா, உள்ளே ரத்த ஓட்டம் நிக்குதுன்னு அர்த்தம். அப்ப டாக்டரைக் கூப்பிடும்போது ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருப்பேன். அதனால கத்துறவங்களை விட்டுடலாம்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க. கத்துறதுக்கு மூச்சு வேணும், தெம்பு வேணும். அது ரெண்டும் இல்லாதவங்க கத்த மாட்டாங்க. அவங்களையும் போய்ப் பார்க்கணும்.

2021 மே மாசம் கொரோனா ரெண்டாவது அலையில் இதை எல்லாருமே கண்ணால பார்த்தோம். ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல இருக்கணும். 80-க்கு இறங்கினவர் கட்டிலில் உட்கார்ந்து போனில் சீட்டுப் பணம் வசூல் பேசிட்டிருப்பார். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"பார். விரலில் மாட்டுற அந்தச் சின்னக் கருவி மட்டும் இல்லைன்னா அவரைப் பச்சையில்தான் உட்கார வெச்சிருப்போம்.

கட்டுவிரியன் கடியும் இதே மாதிரிதான். தரையில் படுத்துத் தூங்குறவங்களை ராத்திரியில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, கடிவாய் கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, வாந்தின்னு எழுந்திரிப்பாங்க. வீட்டில் அல்சர்னு நினைப்பாங்க. கொஞ்ச நேரத்தில் கண் இமையைத் தூக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது, அப்புறம் மூச்சு. கண் இமை தொங்குதுன்னா மந்திரிக்கிறவர் வீட்டுக்குப் போகாம நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம்.

மூச்சு எண்றதைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அதுல கொஞ்சம் நிக்கணும். பி.பி.க்கு மெஷின் இருக்கு, சுகருக்கு மெஷின் இருக்கு, மூச்சை மட்டும் யாரும் எண்றதில்லை. பல கேஸ் ஷீட்டில் எல்லா நோயாளிக்கும் 20-ன்னே எழுதியிருக்கும், பார்க்காமலே எழுதினது. ஆனா உடம்பு மோசமாகப் போகுதுன்னா பெரும்பாலும் முதல்ல மாறுறது மூச்சுதான். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 வரைக்கும் சரி. 25-ஐத் தொட்டா ஆபத்து. குழந்தைகளுக்குக் கணக்கு வேற. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு 60-ம், ஒரு வயசு வரைக்கும் 50-ம், அஞ்சு வயசு வரைக்கும் 40-ம் தொட்டா அது வெறும் சளி இல்லை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிவிழுந்தா எண்ணிட்டே உட்கார்ந்திருக்க வேண்டாம், கிளம்புங்க. எண்ணும்போது முழு ஒரு நிமிஷம் எண்ணணும். எண்றேன்னு பெரியவங்ககிட்ட சொல்லக் கூடாது, சொன்னா மூச்சை மாத்திக்குவாங்க. நாங்க நாடி பார்க்கிற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பார்த்துதான் எண்ணுவோம்.

அடுத்து நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது, பிரசவ வார்டு. இங்கே மாமியார்களும் இருக்கீங்க, மருமகள்களும் இருக்கீங்க, நல்லாக் கேட்டுக்குங்க.

நம்ம நாட்டில் பிரசவத்தில் தாய் இறக்கிறதுக்கு முதல் காரணம் ரத்தப்போக்கு. குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பாங்க. "பச்சை உடம்பை இப்படி அமுக்குறாங்களே"ன்னு சொந்தக்காரங்க வருத்தப்படுவாங்க. நச்சுக்கொடி விழுந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் கல்லு மாதிரி கையில் தட்டுப்படணும். பிசைஞ்ச மாவு மாதிரி இருந்தா உள்ளே ரத்தக்குழாய்கள் திறந்தே கிடக்குன்னு அர்த்தம். அதைத்தான் தேடுறோம்.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ரெண்டாவது பிரசவம் ஆன பொண்ணு. சுகப் பிரசவம், பெண் குழந்தை, ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் போனப்போ மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கிட்டு இருந்தாங்க. "அசதியாத் தூங்குது பிள்ளை, இப்பத்தான் கண் அசந்துச்சு." பி.பி. 110/70. யார் பார்த்தாலும் சரியா இருக்குன்னு எழுதிட்டுப் போகிற அளவு. ஆனா நாடி 124. உதடு வெளுத்திருந்தது. தூங்குறவளுக்கு எதுக்கு நாடி இப்படி ஓடணும்? சின்ன வயசுப் பொண்ணுங்களுக்கு நிறைய ரத்தம் போகிற வரைக்கும் பி.பி. பிடிச்சு நிக்கும், அப்புறம் ஒரேயடியாக் கீழே விழும். அதுக்கு முன்னால நாடிதான் காட்டிக் கொடுக்கும். வயிற்றில் கை வெச்சா கர்ப்பப்பை மெத்துனு இருக்கு. ஆனா கீழே விரிச்ச துணி மட்டும் சுத்தமா இருக்கு. எனக்குப் புரியலை. "துணி மாத்தினீங்களாம்மா?"ன்னு கேட்டேன். மாமியார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மூணு தடவை மாத்தினேன் கண்ணு, ஆம்பளைங்க வந்து போகிற இடம்"னு சொல்லிக் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாங்க. சொட்டச் சொட்ட நனைஞ்ச மூணு சேலைத் துணி.

அந்த அம்மா மருமகள் மேல பாசமாத்தான் செஞ்சாங்க. அசிங்கமா இருக்கக் கூடாது, நாலு பேர் பார்க்கக் கூடாதுன்னு மறைச்சாங்க. ஆனா நாங்க ரத்தப்போக்கை அளக்கிறதே அந்தத் துணியை வெச்சுத்தான். அரை லிட்டர் தாண்டினாலே நாங்க ஆபத்துன்னு கணக்கு வைப்போம். கர்ப்பப்பையைத் தேய்ச்சு விட்டு, சுருங்குறதுக்கு ஊசி மருந்து கொடுத்து, ரெண்டு கையிலும் சலைன் ஓட விட்டு, டாக்டர் வந்து ரத்தம் ஏத்த ஏற்பாடு பண்ணினார். பொண்ணு பிழைச்சுது. இன்னும் அரை மணி நேரம் அசதின்னு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால துணியைத் தூக்கிப் போடாதீங்க, மறைக்காதீங்க. எடுத்து வெச்சு நர்ஸ்கிட்ட காட்டுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு பேடு முழுசா நனைஞ்சா, முட்டை அளவுக்குக் கட்டி விழுந்தா, பிள்ளை பெத்தவ மயக்கமா வருதுன்னு சொன்னா, நர்ஸ் வேற வேலையா இருந்தாலும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகும் இதேதான்.

நம்ம குழுக்களிலிருந்து சிலர், 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராப் போறீங்க. உங்களுக்கு ஒரு கணக்கு போடுறேன். ஒரே தெருவில் மூணு பேருக்கு பி.பி. பார்க்கிறீங்க. 65 வயசு அய்யாவுக்கு 170/100. மாத்திரை தீர்ந்து மூணு வாரம் ஆச்சு, உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கார். 50 வயசு அக்காவுக்கு 150/90. சுகர் இருக்கு. ஒரு மணி நேரமா வேர்க்குது, நெஞ்சில் பாரம் வெச்ச மாதிரி இருக்கு, தாடை வலிக்குதுங்கிறாங்க. மூணாவது, எட்டு மாசக் கர்ப்பிணி, 140/90. காலையிலிருந்து தலைவலி, கண்ணுல பூச்சி பறக்குதுங்குது.

நம்பரை மட்டும் பார்த்தா அய்யாதான் முதல், கர்ப்பிணி கடைசி. நான் சொன்னா அய்யாதான் கடைசி. அவருக்கு நாளைக்கோ மறுநாளோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும், விட்டுடக் கூடாது. மத்த ரெண்டு பேரும் இப்பவே, 108. அந்த அக்காவுக்கு மாரடைப்பா இருக்கலாம். நம்ம வீட்டில் இதுக்கு "வாயு"ன்னு பேர் வெச்சு ஓமத்தண்ணி, சோடா, அப்புறம் ஈனோன்னு ஒரு மணி நேரத்தை ஓட்டிடுவோம். சுகர் இருக்கிறவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். கர்ப்பிணிக்கு 140/90-ஓட தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தா வலிப்பு வரப் போகுதுங்கிறதுக்கான அறிகுறி. ஒரே நம்பர் ஒவ்வொருத்தர் உடம்பில் ஒவ்வொரு சேதி சொல்லும்.

ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறவங்களா நீங்க என்ன செய்யலாம்? "சிஸ்டர், என்னமோ மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க"ன்னு நாப்பது கட்டிலிலிருந்தும் குரல் வரும்போது நர்ஸுக்கு எதுவும் விளங்காது. "மத்தியானம் நல்லாப் பேசினாரு, ஒரு மணி நேரமாப் பேச்சு குழறுது"ன்னு சொல்லிப் பாருங்க, கையில் இருக்கிறதைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. முன்னாடி எப்படி இருந்தார், இப்ப எப்படி, எப்போதிலிருந்து. அந்த மூணும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாங்க அவரை இன்னைக்குத்தான் பார்க்கிறோம். என்ன மாத்திரை சாப்பிடுறார், கடைசியா எப்ப சாப்பிட்டார்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தவர் வேர்த்துக் கொட்டி உளறினா, முதல்ல சுகர் இறங்கிடுச்சான்னுதான் பார்ப்போம். வீட்டில் இப்படி ஆனா, நினைவு இருந்தா சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில் எதையும் ஊத்தாதீங்க.

நாங்களும் டாக்டரை நடுராத்திரி எழுப்பும்போது இப்படித்தான் சொல்லணும். அனுபவப்பட்ட நர்ஸுக்கு நம்பர் மாறும் முன்னாலயே "இவங்க சரியில்லை"ன்னு மனசில் படும். பாட்ரிசியா பென்னர்னு ஒரு அமெரிக்க நர்ஸ் 1984-ல் இதைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்காங்க. ஆனா மனசில் பட்டதை மட்டும் சொன்னா தூக்கக் கலக்கத்தில் இருக்கிற டாக்டர், காலையில பார்க்கலாம்பார். அதனால போய் நாடி, மூச்சு, பி.பி. எல்லாம் எடுத்து நம்பரோட சொல்வோம்.

கடைசியா, டீ நேரத்தில் கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். உங்களுக்குப் பின்னால வந்தவங்களை முன்னால கூட்டிட்டுப் போனா அதுக்குக் கோவப்படாதீங்க. ஆனா உட்கார வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் யாருமே திரும்பிப் பார்க்கலைன்னா அது முன்னுரிமை இல்லை, அலட்சியம். பச்சையில் உட்கார்ந்தவங்க காத்திருக்கும்போதே சிவப்பா மாறலாம், அதனால மறுபடி வந்து பார்க்க வேண்டியது எங்க கடமை. "சிஸ்டர், வந்தப்ப இருந்ததை விட இப்ப மூச்சு வாங்குது, ஒரு தடவை பார்த்துடுங்க"ன்னு எழுந்து போய்க் கேளுங்க. கேட்டும் விரட்டினா மருத்துவ அலுவலர்கிட்ட போங்க. நாப்பது பேருக்கு ஒரு நர்ஸ்னு வெச்சா எப்பேர்ப்பட்ட கெட்டிக்கார நர்ஸும் யாரையாவது தவற விடத்தான் செய்வாங்க. கிராம சபையில் ரோடு, தண்ணி கேட்கும்போது, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியா இருக்கிற நர்ஸ் இடத்தை நிரப்பச் சொல்லியும் ஒரு தீர்மானம் போடுங்க. நூறு பெண்கள் கையெழுத்துப் போட்ட தாளை அவ்வளவு சுலபமாக் கசக்கிப் போட மாட்டாங்க.

அடுத்த மாசக் கூட்டத்துக்கும் வரச் சொல்லியிருக்காங்க. செகண்ட் முள் இருக்கிற கடிகாரம் வீட்டில் இருந்தா எடுத்துட்டு வாங்க. ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து மூச்சு எண்ணிப் பழகலாம். கைக்குழந்தை இருக்கிறவங்க குழந்தையையும் தூக்கிட்டு வாங்க.